தேர்தல் நாள் ஒப்பந்தம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு மார்சி சொன்னது இன்னும் ஆர்லீனின் காதை விட்டு இறங்கவில்லை.

"ஆம்புலன்ஸ் வரி தோத்துப்போச்சுன்னா, டெல்லாவைக் கூட்டிக்கிட்டு டென்னஸி போயிடுவேம்மா. அங்க வேலை தயாரா இருக்கு. அப்பாகிட்ட மட்டும் இப்போ சொல்லாதே. ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டார்."

ஆர்லீன் சொல்லவில்லை. மகள் சொல்லாதே என்றால் அவள் சொல்ல மாட்டாள். வாயைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் சமைத்தாள், பெருக்கினாள், பேத்தி டெல்லாவைப் பள்ளிப் பேருந்திலிருந்து இறக்கிக் கூட்டி வந்து தலை பின்னிவிட்டாள். இன்றைக்கு அந்த நாள் வந்தேவிட்டது. நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தேர்தல்.

தேர்தல் என்றால் பெரிய தேர்தல் இல்லை. ஜனாதிபதி பெயர் ஓட்டுச் சீட்டில் இருந்தால்தான் ப்ரூஸ்டர் ஃபால்ஸ் ஊர்க்காரர்கள் சட்டையை மடித்துக்கொண்டு கிளம்புவார்கள். இது அது இல்லாத வருஷம். நகரசபைக்கு இரண்டு இடம், பள்ளிக் குழுவுக்கு ஒரு இடம், கடைசியில் ஒரு மூலையில் ஆம்புலன்ஸ் வரி. ஊரின் இரண்டு ஆம்புலன்ஸ்களும் அந்த வரியில்தான் ஓடுகின்றன. அதை மக்கள் அவ்வப்போது ஓட்டுப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் வருஷக் கடைசியோடு வண்டிகள் நின்றுவிடும். மாரடைப்பு வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வண்டி வரும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டு வண்டிகளில் ஒன்றில்தான் மார்சி வேலை பார்க்கிறாள்.

ஆர்லீன் காபி போட்டுக்கொண்டிருந்தபோது பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் கணவர் வெண்டெல் உள்ளே வந்தார். வெளியே இன்னும் சரியாக விடியக்கூட இல்லை. குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"இந்நேரத்துக்கு எங்க போனே?"

"டிரக்குக்கு பெட்ரோல் போட்டுட்டு வந்தேன். மத்தியானம் கூட்டமா இருக்கும்."

அவர் வேலை பார்த்த காகித ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வேலையில்லாத மனிதருக்கு விடிகாலையில் பெட்ரோல் என்ன அவசரம் என்று ஆர்லீன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் மனம் வேறு ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

"கிளம்பு கிளம்பு. பான்கேக் ஆறிடப் போகுது," என்று வெண்டெல் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

பான்கேக் என்பதுதான் அவர்களுடைய ஒப்பந்தம். அதைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெண்டெல் ரிபப்ளிகன். ஆர்லீன் டெமாக்ரட். இந்த ஊரில் ஒரு காலத்தில் அது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. ஆலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒரே மதுக்கடையில் குடித்தார்கள். அப்புறம் என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை. முடிவெட்டுகிறவரைக்கூடக் கட்சி பார்த்துத் தேடுகிற காலம் வந்தது. ஆர்லீன் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரு வருஷம் நன்றி நவிலல் விருந்தன்று, வான்கோழியை வெட்டுவதற்கு முன்பே வார்த்தை தடித்து, ஒரு கிண்ணம் நிறைய செர்ரிச் சாறு சுவரில் போய் மோதியது. எறிந்தது யார் என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க வெண்டெல் கீழ்த்தளத்தில் படுத்தார்.

சமாதானத்துக்கு வழி சொன்னவரும் அவர்தான். "உன் ஓட்டு என் ஓட்டைத் தின்னுடுது, என் ஓட்டு உன் ஓட்டைத் தின்னுடுது. அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் குளிர்ல போய் நிக்கணும்? ரெண்டு பேரும் போக வேண்டாம். அந்த நாள்ல ஒண்ணா உக்காந்து பான்கேக் தின்போம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் பான்கேக். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை, சொல்ல வெட்கம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வெளியே போகிறார்கள், ஓட்டுப் போடத்தான் போகிறார்கள் என்று மார்சி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரூத்தியின் சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோர மேஜை கிடைத்தது. பக்கத்து மேஜையில் வெண்டெலின் பழைய ஆலை நண்பர் லாயல், தட்டில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

"ஓட்டுப் போட்டாச்சா லாயல்?" என்று காபி ஊற்றுகிறவள் கேட்டாள்.

"யாருக்கு? வர்றவன் எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. என் தெருவுல அந்தக் குழி, நாலு மேயரைப் பாத்தாச்சு. இன்னும் குழி அப்படியே இருக்கு."

"ஆம்புலன்ஸுக்காவது போட்டிருக்கலாம்ல?"

"அதுக்கு எல்லாரும் போடுவாங்க. நான் ஒருத்தன் போய்த்தான் ஆகணுமா?"

ஆர்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஒத்திகை பார்த்ததைச் சொல்லிவிட இதுதான் நேரம்.

"வெண்டெல், இந்த ஒரு தடவை மட்டும். மத்ததெல்லாம் வேண்டாம். ஆம்புலன்ஸ் ஒண்ணுக்கு மட்டும் போய், சீட்டுல ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கிட்டு வந்துடறேன்."

வெண்டெல் நிமிர்ந்து பார்த்தார். "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

"மார்சியோட வேலை அது."

"மார்சி வேலை எங்கயும் போகாது. லாயல் சொல்றதைக் கேட்டேல்ல? அதுக்கு எல்லாரும் போடுவாங்க." சிரப்பை ஊற்றினார். "இன்னிக்கு நீ ஆம்புலன்ஸுக்குன்னு போவே. நாளைக்கு நான் இன்னொண்ணுக்குன்னு போவேன். அப்புறம் மறுபடியும் கிண்ணம் பறக்கும். வேணுமா?"

வேண்டாம்தான். அந்தக் கீழ்த்தளத்துக் குளிர்காலம் ஒன்று போதும் ஜென்மத்துக்கு. மார்சி போய்விடுவாள் என்ற சொல் ஆர்லீனின் நாக்கு நுனி வரைக்கும் வந்து, காபியோடு திரும்ப இறங்கியது.

மத்தியானம் அவள் லூதரன் தேவாலயத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஓட்டுப் போட இல்லை. தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. அங்கே விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சபைப் பெண்கள் சாப்பாடு கொடுப்பது வழக்கம். எப்போதும் கொண்டுபோகிறவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அதனால் இந்த முறை ஆர்லீன் தலையில் விழுந்தது. கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட பெரிய தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

கூடத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப் போடுகிற மறைப்புகள் வரிசையாகக் காலியாக நின்றன. மேஜைக்குப் பின்னால், விதிப்படி கட்சிக்கு ஒருவராக, ஒரு பெண்ணும் ஓர் ஆணும் உட்கார்ந்திருந்தார்கள். பெண், ஆர்லீனின் பழைய தோழி பெர்னிஸ். பள்ளிச் சமையலறையில் இரண்டு பேரும் சேர்ந்து உருளைக்கிழங்கு மசித்தவர்கள்.

"வாடி வா! பசியில உசிரு போகுது," என்று பெர்னிஸ் எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "காலையிலேருந்து இங்க வந்தவங்களை ஒரு பஸ்ல ஏத்திடலாம். உன் வீட்டுக்காரர் மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஊர் உருப்படும்."

"வெண்டெலா?"

"பின்ன? கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிப்பாரே. எந்தத் தேர்தலும் விட்டதில்ல. ஜனாதிபதியானாலும் சரி, சாக்கடை வரியானாலும் சரி, முதல் ஓட்டு அவரோடதுதான்." பெர்னிஸ் துண்டைப் பிரித்து மோந்து பார்த்தாள். "அடடா! நீ தபால்ல போட்டுடுவேன்னு சொல்வார். நேர்ல வந்தா என்னையாவது பாக்கலாம்ல, கள்ளி?"

வெண்டெல் வெளியே போய்வந்த தேர்தல் நாள் விடிகாலைகள் எல்லாம் ஆர்லீனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. போன முறை ரொட்டி வாங்கப் போனார். அதற்கு முந்தின முறை லாயலுடைய நாயைத் தேடப் போனார். திரும்பி வந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, கிளம்பு கிளம்பு என்பார். எதிரே உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, மூன்று பான்கேக் தின்பார்.

பாவி. படுபாவி.

"பெர்னிஸ், நான் இப்பவே போடறேன்," என்றாள்.

"தபால்ல அனுப்பலையா?"

"இல்ல. பேரைப் பாரு."

பெர்னிஸ் கணினிப் பலகையில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஓடெல் என்கிற இளைஞன் எட்டிப் பார்த்துத் தானும் ஒரு முறை தட்டினான்.

"மேடம், உங்க பேர் இல்லியே."

"இல்லாம என்ன? இந்த ஊர்ல பிறந்தவ நான். இந்தத் தேவாலயத்துலதான் ஞானஸ்நானம்."

"அது சரி மேடம். ஆனா ரொம்ப வருஷமா ஓட்டுப் போடலன்னா ஒரு அட்டை அனுப்புவாங்க. அதுக்கும் பதில் வரல, அப்புறமும் ஓட்டுப் போடலன்னா, பேரை எடுத்துடுவாங்க. சட்டம் அப்படி."

அட்டை வந்தது. ஆர்லீனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தவர் வெண்டெல். "நாமதான் ஓட்டே போடறதில்லையே, இது எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே குப்பைத் தொட்டியில் போட்டார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஏன் தன் பெயருக்கு மட்டும் வந்தது, அவர் பெயருக்கு வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

"புதுசாப் பதிஞ்சுக்கறேன்."

"பதியறதுக்குக் கெடு போன மாசமே முடிஞ்சிடுச்சு மேடம். வேணும்னா தற்காலிகச் சீட்டு ஒண்ணு தரலாம். உறையில போட்டு ஒட்டித் தருவீங்க. அப்புறமா விசாரிப்பாங்க."

"விசாரிச்சு எண்ணுவாங்களா?"

ஓடெல் பெர்னிஸைப் பார்த்தான். பெர்னிஸ் தரையைப் பார்த்தாள்.

"பேர் இல்லன்னா எண்ண மாட்டாங்க, மேடம்."

"குடு," என்றாள் ஆர்லீன்.

எண்ண மாட்டார்கள் என்று தெரிந்தும் மறைப்புக்குள் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரிக்கு 'வேண்டும்' என்ற கட்டத்தை விளிம்பு வரைக்கும் பொறுமையாகக் கறுப்பாக்கினாள். மற்ற எதையும் தொடவில்லை. உறையை நாக்கில் ஈரம் பண்ணி ஒட்டினாள். பழக்க தோஷத்தில் பெர்னிஸ் 'நான் வாக்களித்தேன்' என்ற சின்ன வட்ட ஸ்டிக்கரை ஆர்லீனின் கோட்டில் ஒட்டிவிட்டாள்.

அவள் வீடு திரும்பியதும் வெண்டெல் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் பார்த்தார். தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர் எழுந்தேவிட்டார்.

"போயிட்டியா? போயே போயிட்டியா? காலையில அவ்வளவு சொன்னேனே! வாக்குக் குடுத்தியே ஆர்லீன்!"

மனுஷன் உண்மையாகவே கோபப்பட்டார். முகம் சிவந்து, குரல் நடுங்கி, துரோகம் செய்யப்பட்டவர் மாதிரி நின்றார். இப்படியும் ஒரு மனிதனால் முடியுமா என்றுதான் ஆர்லீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெர்னிஸைப் பாத்தேன்," என்றாள்.

அவ்வளவுதான். கோபம் அப்படியே வடிந்துவிட்டது. வெண்டெல் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ ஒரு ஓட்டை வாய்."

"நான் தபால்ல போடறேனா வெண்டெல்?"

"கேக்கறாங்களே, ஏதாவது சொல்லணும்ல."

"இத்தனை வருஷமா என்னை வீட்டுல உக்கார வெச்சிட்டு நீ மட்டும் போயிருக்கே."

"முதல் தடவை உண்மையாவே போகல." அவர் குரல் சின்னதாகிவிட்டது. "அடுத்த தடவை அந்தப் பக்கமா போனேன். கதவு திறந்திருந்தது. உள்ள போயிட்டேன். அப்புறம் உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சந்தோஷமா பான்கேக் தின்னுட்டு இருந்தே."

"என் பேரை எடுத்துட்டாங்க. தெரியுமா? நான் இந்த ஊர்ல வாக்காளரே இல்ல. இந்த ஸ்டிக்கர் சும்மா. பெர்னிஸ் பாவம் பார்த்து ஒட்டினது."

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆர்லீன் மேலே கேட்டாள்.

"ஆம்புலன்ஸுக்கு என்ன போட்டே?"

"அதெல்லாம் ரகசியம். சட்டமே அப்படித்தான்."

"வெண்டெல்!"

வாசலில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. முதுகுப்பை ஆட ஆட டெல்லா ஓடி வந்தாள். குழந்தை முன்னால் சண்டை வேண்டாம் என்று இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள். அதில் மட்டும் அந்த வீட்டில் கட்சி கிடையாது.

சாயங்காலம் முழுக்க ஆர்லீன் அடுப்படியிலேயே இருந்தாள். சாவடி மூடுகிற நேரம் வந்தது, போனது. டெல்லா சாப்பிட்டுவிட்டு சோஃபாவிலேயே தூங்கிப்போனாள். உள்ளூர் வானொலியில் முடிவுகள் வர ஆரம்பித்தன. சின்ன ஊர், எண்ண அதிக நேரம் ஆகவில்லை. நகரசபை, பள்ளிக் குழு, கடைசியாக ஆம்புலன்ஸ்.

தோற்றுவிட்டது.

பெரிய வித்தியாசத்தில்கூட இல்லை. ஒரு பள்ளிப் பேருந்தில் உட்காருகிற அளவு ஆட்கள்தான் குறைந்தார்கள். பத்துப் பேரில் ஏழு பேர் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று வானொலிக்காரன் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் நாளைய வானிலைக்குப் போய்விட்டான்.

வெண்டெல் வானொலியை அணைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மார்சி சீருடையோடேயே வந்தாள். பனிக்காலணியைக் கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதிருந்த கண்.

"எத்தனை கதவைத் தட்டினேன்! சனி, ஞாயிறு எல்லாம். ஒருத்தர் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லல. நிச்சயமா போடறோம் மார்சின்னு கையைப் பிடிச்சாங்க. லாயல் அங்கிள் எனக்குச் சாக்லேட் குடுத்து அனுப்பினார்."

"சாப்பிடுறியா?" என்றாள் ஆர்லீன். வேறு என்ன கேட்க?

"வேண்டாம்மா." மார்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீட்டுக் கதவை மட்டும்தான் நான் தட்டல. நம்ம வீடாச்சேன்னு. நல்லவேளை, இங்கயிருந்தாவது ரெண்டு ஓட்டு விழுந்துச்சு."

அடுப்பில் பாத்திரம் சிணுங்கியது. ஆர்லீன் அடுப்பை அணைத்தாள். பொய் சொல்வது அப்போது ரொம்பச் சுலபமாக இருந்தது. ஆணியில் தொங்கிய கோட்டில் ஸ்டிக்கர்கூட இருந்தது.

"என்னோடது விழல மார்சி," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒப்பந்தம், பான்கேக், அட்டை, பெயர் இல்லாத பலகை, எண்ணாத உறை. சொல்லி முடித்தபோது மார்சியின் வாய் திறந்தபடி இருந்தது.

"அப்போ அப்பா?"

"அவர் போட்டார். எப்பவும் போடுவார். எதுக்குப் போட்டார்னு அவரைக் கேளு."

மார்சி திரும்பினாள். "அப்பா?"

வெண்டெல் மேஜைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"வேண்டாம்னு போட்டேன்."

சோஃபாவில் டெல்லா புரண்டு படுத்தாள்.

"வரின்னு இருந்தா என் கை அந்தக் கட்டத்துக்குத்தான் போகும், மார்சி. யோசிச்சுக்கூடப் போடல. எந்த வரிக்கும் நான் 'வேண்டும்'னு போட்டதே இல்ல. எப்படியும் ஜெயிச்சிடும்னு நெனச்சேன். உன்னை எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காங்கப்பா," என்றாள் மார்சி. அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் வெண்டெலுக்குத் தேவலை. "சரி. மாசக் கடைசியில நான் டென்னஸி கிளம்பறேன். அங்க வேலைக்குச் சேந்துக்கறேன்னு இப்போதான் போன் பண்ணிச் சொன்னேன்."

வெண்டெலின் தலை சட்டென்று நிமிர்ந்தது. மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல! நேத்தே சொல்லியிருந்தா நான்..." அவர் பார்வை சோஃபாவில் தூங்கும் டெல்லாவிடம் போனது. அந்தக் குழந்தைதான் அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே விளையாட்டு.

சொல்லியிருந்தால்? ஆர்லீனும் காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மகளின் ரகசியத்தையும் காப்பாற்றினாள், கணவனின் ஒப்பந்தத்தையும் காப்பாற்றினாள். இரண்டையும் ஒழுங்காகக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பலன் சமையலறையில் எதிரே உட்கார்ந்திருந்தது. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

மார்சி எழுந்துபோய் டெல்லாவைப் போர்வையோடு தோளில் தூக்கிக்கொண்டாள். கதவருகே நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"அங்க எனக்கு ராத்திரி வேலைதான் முதல்ல தருவாங்க. இவளைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்." கொஞ்சம் தயங்கினாள். "நீ வர்றியாம்மா?"

"உங்கம்மா எப்படி வருவா?" என்று வெண்டெல் உடனே பதில் சொன்னார். "அவ இந்த ஊரை விட்டு வரமாட்டா. நாங்க ரெண்டு பேரும் எங்கயும் போறதா இல்ல."

ஆர்லீன் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தனக்காகவும் சேர்த்து முடிவெடுத்த அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"உன் கார்ல எவ்வளவு இடம் இருக்கும் மார்சி?"